குதிரைத்திறன் என்னும் மூடநம்பிக்கை

பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்தால் வண்டி ஜெயித்துவிடும் என்று நம்பாத கார்ப் பித்தர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிராக் (drag) பந்தயம் என்றால் நேர்கோட்டில் 402 மீட்டர். ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியதில்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும், எவன் வண்டியில் குதிரைத்திறன் அதிகமோ அவனுக்குத்தான் வெற்றி என்கிறார்கள். இந்த விளையாட்டை ஏளனம் செய்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இதன்மேல் உயிரையே வைத்திருக்கும் பையன்களும் இதையேதான் சொல்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது தவறு. காசை மட்டும் தின்னும் தவறாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது ஆளையும் தின்கிறது.

அமெரிக்காவில் எஞ்சின் மாற்றத்துக்குப் பேர்போன குடும்பக் கார்களில் ஒன்று வோல்வோ 240. 1974 முதல் 1993 வரை தயாரான, பெட்டி வடிவக் கார். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் சாமான் வாங்கி வரவும் மக்கள் வாங்கிய வண்டி. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அங்கே கடைசி ஆண்டுகளில் 114 குதிரைத்திறன். பின்சக்கர இழுவை, பானெட்டுக்குள் தாராளமான இடம். பழைய ஷெவர்லே பிக்கப் வண்டியின் 5.3 லிட்டர் வி8 எஞ்சினைக் காயலான் கடையில் மலிவாகப் பிடித்து, அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு சேர்த்து இதில் இறக்குகிறார்கள். 285 குதிரைத்திறன் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த எஞ்சின் ஏறக்குறைய 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். முதல் கியர் அதை 3.06 மடங்காக்கும், பின் ஆக்சில் இன்னொரு 3.73 மடங்கு. வழியில் வீணாவதைக் கழித்த பிறகும் டயர் தரையை 1,400 கிலோ விசையோடு தள்ளப் பார்க்கும். ஆனால், ஓட்டுபவரோடு சேர்த்து 1,450 கிலோ இருக்கும் அந்த வண்டியில் பின்சக்கரங்கள் சுமப்பது 700 கிலோதான். கிளம்பும்போது மூக்கு தூக்கி எடை பின்னால் சரிவதைச் சேர்த்தாலும் 900 கிலோவைத் தாண்டாது. சாதாரண டயர் நல்ல தரையில் தன்மேல் இருக்கும் எடை அளவுக்குத்தான் பிடிக்கும். மிச்சமுள்ள 500 கிலோ விசை ரப்பர் புகையாகப் போகிறது. அந்தப் புகையைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அது வீணாய்ப் போன காசு.

சரி, அகலமான ஸ்லிக் டயர் மாட்டி, காற்றைக் குறைத்துப் பிடிப்பைக் கூட்டினால்? இதுவரை டயர் வழுக்கியதால்தான் மற்ற பாகங்கள் பிழைத்திருந்தன. வழுக்கல் நின்றதும் அடி அடுத்த பலவீனமான இடத்தில் விழும். குடும்பக் காருக்கென்று செய்த ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடையும், அல்லது கிரவுன் சக்கரத்தின் பல் போகும், அல்லது ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கழன்று தரையைக் கிழித்து உள்ளே வரும். அந்த ஷாஃப்டைச் சுற்றி இரும்பு வளையம் போடச் சொல்வது இதற்காகத்தான். எஞ்சின் மாற்றுவது இந்த வேலைகளில் மிகச் சுலபமானது. அதனால்தான் எல்லோரும் அதையே முதலில் செய்கிறார்கள்.

இவை எல்லாம் தாங்கினாலும் எடையைக் குதிரைத்திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டித்தான் பந்தய நேரம் மாறும். சக்தியை இரு மடங்காக்கினால் நேரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். முதல் 18 மீட்டரில் பத்தில் ஒரு நொடி தவறவிட்டாலோ, முடிவில் அதைவிட அதிகமாக இழந்திருப்போம்.

“நேர்கோட்டில் ஓட்ட என்ன திறமை?” என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். டிராக் பந்தயத்தில் ஓட்ட நேரக் கடிகாரம் பச்சை விளக்கு எரிந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. முன்சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கதிரை விட்டு நகர்ந்த பிறகே ஓடும். விளக்குக்கும் நகர்வுக்கும் இடையிலான நேரம் தனிக் கணக்கு. ஒருவர் 11.50 நொடியில் ஓடி 0.25 நொடி தாமதமாகக் கிளம்பினார், மற்றவர் 11.65 நொடியில் ஓடி 0.05 நொடியில் கிளம்பினார். கோட்டை முதலில் தாண்டுபவர் இரண்டாமவர். குறைந்த சக்தியுள்ள வண்டி, முழு வெற்றி. அவசரப்பட்டு முன்னால் பாய்ந்தாலோ சிவப்பு விளக்கு, ஆட்டம் முடிந்தது.

சாமானியர்கள் திரளாகக் கலந்துகொள்ளும் பிராக்கெட் பந்தயத்தில் குதிரைத்திறனுக்கு இன்னும் குறைவான இடமே. தன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும். 15.20 எழுதியவர், 10.40 எழுதியவரைவிட 4.80 நொடி முன்னதாகக் கிளம்புவார். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் பொதுவாகத் தோல்வி. வெயில் ஏறியதும் வண்டி எவ்வளவு மந்தமாகும் என்று கணித்து, அதே நேரத்தைத் திரும்பத் திரும்ப ஓடிக் காட்டுகிறவரே அங்கே ராஜா. எஞ்சினைத் தொடாத பழைய செடானால் வி8-ஐ வீட்டுக்கு அனுப்ப முடியும்.

உச்ச வகுப்பில் சக்திதானே பேசுகிறது என்பார்கள். டாப் ஃப்யூயல் வண்டிகளில் சுமார் 11,000 குதிரைத்திறன் இருக்கிறது. அதை முழுதாக அவிழ்த்துவிட்டால் டயர் அக்கணமே புகையும். எந்த நொடியில் கிளட்சை எவ்வளவு இறுகப் பிடிக்கவிடலாம் என்பதுதான் அந்த அணிகளின் தலையாய வேலை. இருக்கும் சக்தியை அடக்கிவைக்கத் தெரிந்தவர் அங்கேயும் ஜெயிக்கிறார்.

வாலி பார்க்ஸ் 1951-இல் அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பைத் தொடங்கியபோது, தெருவில் சீறிக்கொண்டிருந்த பையன்களைப் பாதுகாப்பான ஓடுதளத்துக்கு அழைத்துவருவது முக்கிய நோக்கமாக இருந்தது. அதன் பாதுகாப்பு விதிகள் இன்றும் பழைய கார்களை எஞ்சினின் அளவைக் கேட்டுப் பிரிப்பதில்லை, நேரத்தைக் கேட்கின்றன. 13.99 நொடியோ குறைவோ ஓடினால் ஹெல்மெட், 11.49 என்றால் வண்டி கவிழ்ந்தால் காக்கும் ரோல் பார், 9.99 என்றால் முழுக் கூண்டு. 120 கிலோமீட்டர் வேகம் 170 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரு மடங்காகிறது. அதனால் ஓடுதளத்தில் கோட்டுக்கு அப்பால் நின்று அடங்க நீளமான காலித் தடம் விட்டிருக்கிறார்கள். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ நள்ளிரவில் எதிரே ஒரு பால் வண்டி வரும், குறுக்கே ஒரு மாடு வரும். மாற்றிய எஞ்சினோடும் கம்பெனி போட்ட பிரேக்கோடும் அங்கே சீறுவதைப் பந்தயம் என்று எழுதும் செய்திகளை நான் கண்டிக்கிறேன். எஞ்சின் விற்பவர்கள் பிரேக்கையும் ஆக்சிலையும் பற்றி வாய் திறக்காமல் பணத்தை எண்ணுவதையும் கண்டிக்கிறேன்.