மதர்போர்டு போனா பொட்டியே போச்சா?

பழைய கம்ப்யூட்டர்ல மதர்போர்டு போயிடுச்சுன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. ரெண்டே ரெண்டு அறிவுரைதான் வரும். ஒண்ணு, "இதுக்குப் போயி செலவு பண்ணுவியா? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு." இன்னொண்ணு, "ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு புது போர்டே கிடைக்குது, மாட்டிட்டு வேலையப் பாரு." முதல் ஆளுக்கு நம்ம பணத்தைப் பத்திக் கவலை இல்ல. ரெண்டாவது ஆளுக்கு நம்ம பொட்டியப் பத்திக் கவலை இல்ல. ரெண்டு பேருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. அந்தப் பொட்டி இத்தனை நாளா என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?

என் கட்சி இதுதாங்க. போர்டு தேடும்போது விலையில ஆரம்பிக்கக் கூடாது. எதையெல்லாம் காப்பாத்தப் போறோம்ங்கிறதுல ஆரம்பிக்கணும். மதர்போர்டு தனியா வர்ற சாமான் கிடையாது. சம்பந்தி வீடு மாதிரி, ஒருத்தரைக் கூப்பிட்டா கூட பத்து பேர் வந்து இறங்குவாங்க. இன்னிக்கு கடையில இருக்கற புது தலைமுறை போர்டு வாங்கினா உங்க பழைய பிராசஸர் அதுல உக்காராது. டிடிஆர்3 ராம் சொருகாது. எல்ஜிஏ 1700 வரைக்கும் போயிட்டா பழைய பிராசஸர் ஃபேனைக்கூட மாட்ட முடியாது, ஓட்டைகளோட இடைவெளியே வேற. பொட்டியோட சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோட கட்டுப்பட்டது, அதுவும் போச்சு. போர்டுக்குக் கொடுக்கற காசு இதுல சின்னப் பங்குதான்.

சும்மா தியரி பேசறான்னு நினைக்காதீங்க. எங்க சித்தப்பா கதையைச் சொல்றேன்.

சங்கரன்கோவில்ல சின்னதா ஒரு டிடிபி சென்டர் வெச்சிருக்கார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதான் பொழப்பு. 2023 வெயில் காலத்துல ஒரு நாள் போன் பண்ணினார். "ஏல, போர்டு போயிட்டாம்லா. முப்பத்தஞ்சாயிரம் கொண்டா, புதுசா செட்டு போட்டுத் தாரேங்கான். வைகாசி முகூர்த்தத்துக்குப் பதினோரு பத்திரிகை கைல கெடக்கு. நான் எங்கல போவேன்?"

அவரோட பொட்டி 2012ல வாங்கினது. இன்டெல் ஐ3 2120, ஹெச்61 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3. விண்டோஸ் 7, அதுல பேஜ்மேக்கர் 7. இருபது வருஷமா சேர்த்து வெச்ச பத்திரிகை மாதிரி அத்தனையும் யுனிகோடுக்கு முந்தின எழுத்துருக்கள்ல இருக்கு. பிரிண்டருக்கு டிரைவர் விண்டோஸ் 7ஓட நின்னு போச்சு. புது போர்டுகளுக்கோ விண்டோஸ் 7 டிரைவரே கிடையாது. ஆக, முப்பத்தஞ்சாயிரம் கொடுத்தாலும் அவர் தொழில் திரும்பக் கிடைக்காது. புது பிரிண்டர், புது சாஃப்ட்வேர், பழைய ஃபைலை எல்லாம் மாத்தற வேலைன்னு இழுத்துக்கிட்டே போகும்.

"விர்ச்சுவல் மெஷின்ல விண்டோஸ் 7 ஓட்டலாமே"ன்னு நீங்க கேப்பீங்க. நீங்களும் நானும் ஓட்டலாம். பொண்ணு வீட்டுக்காரங்க எதிர்ல உக்காந்து "சித்தி பேரு விட்டுப் போச்சே"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போது, அறுபது வயசு மனுஷன் விர்ச்சுவல் மெஷினோட மல்லுக்கட்ட முடியாதுங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். போர்டு வாங்கறதுக்கு முன்னாடி, போனது போர்டுதானான்னு பாக்கணும். ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலன்னாலே "போர்டு போச்சு"ன்னு தீர்ப்பு எழுதிடறாங்க. இதையெல்லாம் செஞ்சு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க:

1. கரன்டை எடுத்துட்டு, ராம் எல்லாத்தையும் கழட்டி, தங்கக் கலர் காலை ரப்பரால தேய்ச்சு, ஒண்ணே ஒண்ணை மட்டும் மாட்டி ஆன் பண்ணுங்க. பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும்.

2. சிஆர் 2032 பேட்டரியை அஞ்சு நிமிஷம் கழட்டி வெச்சுட்டு திரும்ப மாட்டுங்க. பழசா இருந்தா புதுசே போட்டுடுங்க.

3. எஸ்எம்பிஎஸ்ஸை அளந்து பாருங்க. மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. அஞ்சு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது மஞ்சள்ல 11.4க்குக் கீழ வந்தா அது சீக்காளி. ஒயர் நுனியில அளந்தா போதும், எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறந்துடாதீங்க. கரன்டை எடுத்தாலும் உள்ள அடிக்கும்.

4. பிராசஸரைச் சுத்தி இருக்கற கெப்பாசிட்டர்களோட தலையைப் பாருங்க. தட்டையா இருந்தா நல்லது. உப்பியிருந்தாலோ, பழுப்பா கசிஞ்சிருந்தாலோ ஆளு அவுட்.

சித்தப்பா மகன் பக்கத்துக் கடை டிவி மெக்கானிக்கோட மல்டிமீட்டரை வாங்கி வீடியோ கால்ல அளந்து காட்டினான். மஞ்சள் ஒயர்ல 11.1. பிராசஸர் பக்கத்துல மூணு கெப்பாசிட்டர் உப்பி நிக்குது. போர்டு செத்தது நிஜம். ஆனா கொலைகாரன் எஸ்எம்பிஎஸ். அந்தக் கடைக்காரர் சொன்ன பேச்சுல எஸ்எம்பிஎஸ்ங்கிற வார்த்தையே வரல. அதை அப்படியே விட்டுட்டு எந்த போர்டை மாட்டியிருந்தாலும் அடுத்த கோடைக்குள்ள அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும். போர்டுக்கு ஒதுக்கற பட்ஜெட்ல பாதியை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எடுத்து வைங்கன்னு நான் எப்பவும் புலம்பறது இதுக்காகத்தான்.

இப்ப போர்டு. இந்த மாதிரி பழைய பொட்டிக்கு மூணு வழி இருக்கு.

முதல் வழி, பேரே கேள்விப்படாத கம்பெனியோட "புத்தம் புது" ஹெச்61 போர்டு. ஹெச்61 சிப்செட் வந்தது 2011ல. இன்டெல் அதை நிறுத்தி வருஷக்கணக்காச்சு. அப்ப புது போர்டு எங்கேர்ந்து வருது? பழைய போர்டுலேர்ந்து கழட்டின சிப்பையோ, தேங்கிக் கிடந்த ஸ்டாக்கையோ புது பலகையில ஒட்டி வர்றதுதான் பெரும்பாலும். மோசம்னு ஒட்டுமொத்தமா தள்ள மாட்டேன். ஒரு வருஷ வாரன்டி இருக்கும், ஐ3 போட்டு பில் அடிக்கற கடைக்கு ஓடும். ஆனா 95 வாட் ஐ7ஐ அதுல ஏத்தினா அந்த போர்டோட பவர் பகுதி தாங்குமான்னு யோசிங்க. பயாஸ் அப்டேட் எல்லாம் எதிர்பார்க்கவே கூடாது.

ரெண்டாவது வழி, அந்தக் காலத்து நல்ல போர்டை செகண்ட் ஹேண்ட்ல வாங்கறது. சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூர்ல எஸ்.பி. ரோடு, டில்லியில நேரு பிளேஸ், எல்லா இடத்துலயும் கிடைக்கும். என் ஓட்டு இதுக்குத்தான், கண்ணைத் திறந்து வாங்கினா. எல்ஜிஏ 1155க்கு ஹெச்61ஐ விட பி75 கிடைச்சா விடாதீங்க. அதுல யுஎஸ்பி 3 உண்டு, எஸ்எஸ்டிக்கு 6 ஜிகாபிட் சாட்டா போர்ட் ஒண்ணு உண்டு. ஹெச்61ல சாட்டா 3 ஜிகாபிட்தான்.

மூணாவது வழி, மொத்தமா தலைமுறை மாறறது. இதுல கூட போர்டு, பிராசஸர், ராம்னு தனித்தனியா வாங்கறதை விட, கம்பெனிகள் கழிச்சுக் கட்டின ஆபீஸ் பொட்டியை முழுசா வாங்கறது பல நேரம் மலிவா முடியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கவனிக்க வேண்டிய பொறிகள்:

- எல்ஜிஏ 1156, 1155, 1150, 1151 எல்லாம் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒண்ணோட பிராசஸர் இன்னொண்ணுல உக்காராது. 1151ல இன்னும் கூத்து. 6, 7ம் தலைமுறைக்கு ஒரு வகை போர்டு, 8, 9ம் தலைமுறைக்கு இன்னொரு வகை. பேரு மட்டும் ஒண்ணு.
- பழைய ஹெச்61ல 3ம் தலைமுறை பிராசஸர் போடணும்னா பயாஸ் அப்டேட் ஆகியிருக்கணும். கடையிலயே பூட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.
- இன்டெல்லோட இந்த சாக்கெட்கள்ல பின் எல்லாம் போர்டுலதான் இருக்கும். மொபைல் டார்ச் அடிச்சு சாய்வாப் பாருங்க. ஒரு பின் வளைஞ்சிருந்தாலும் வேண்டாம்.
- டெல், ஹெச்பி, லெனோவா ஆபீஸ் பொட்டிகள்லேர்ந்து கழட்டின போர்டு மலிவாக் கிடைக்கும். சில மாடல்ல நம்ம 24 பின் கனெக்டர் இருக்காது, பவர் பட்டன் ஒயரும் வேற மாதிரி இருக்கும். அதையும் பாத்து வாங்குங்க.
- பின்னாடி மாட்டற தகடு இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா அந்த ஓட்டை வழியா பல்லி குடும்பம் நடத்த வந்துடும் :-)

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பி75 போர்டு 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். புது எஸ்எம்பிஎஸ் 2,300. ரெண்டையும் ஆம்னி பஸ் பார்சல்ல ஊருக்கு அனுப்பியாச்சு. பயாஸ்ல சாட்டா மோடை மட்டும் பழைய போர்டுல இருந்த மாதிரியே வைக்கச் சொன்னேன், இல்லன்னா விண்டோஸ் நீலத் திரை காட்டும். மறுநாள் சாயங்காலம் பத்திரிகை அடிக்க ஆரம்பிச்சுட்டார். அந்தப் பொட்டிக்கு இப்பவும் நெட் கனெக்ஷன் கிடையாது, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட ஆதரவு முடிஞ்சு போச்சே. வாரம் ஒரு தடவை எல்லா ஃபைலும் வெளி ஹார்ட் டிஸ்குக்குப் போயிடணும்ங்கிறது நான் போட்ட கண்டிஷன்.

எல்லாப் பழைய பொட்டிக்கும் இப்படி முட்டுக் கொடுங்கன்னு சொல்ல வரல. கோர் 2 டுயோ, டிடிஆர்2 காலத்துப் பொட்டிக்கு நூறு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடியும் யோசிங்க. பேங்க் வேலை, பசங்க ஆன்லைன் படிப்புன்னு நெட்லயே கிடக்கற பொட்டின்னா கணக்கே வேற. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சாச்சு. விண்டோஸ் 11 முறைப்படி ஓடணும்னா இன்டெல்ல பொதுவா 8ம் தலைமுறையாவது வேணும். அதுக்குக் கீழன்னா லினக்ஸ் போடுங்க, இல்ல மூணாவது வழிக்குப் போங்க. அங்க 1155 போர்டுக்கு காசு போடறது வீண்தான்.

அதே நேரம், உங்ககிட்ட இருக்கறது டிடிஆர்4 பொட்டின்னா அவசரப்பட்டு கழிச்சுடாதீங்க. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை அள்ளிக்கிட்டுப் போனதுல ராம் விலை எகிறினதைப் பாத்தோம். கையில இருக்கற 16 ஜிபிக்கு ஒரு நல்ல போர்டைத் தேடிக் கொடுக்கறது புத்திசாலித்தனம். ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட்டுன்னா இன்னும் சுலபம். 2017ல வந்த போர்டுகள் பலதுல பயாஸ் அப்டேட் பண்ணி 2022ல வந்த பிராசஸர் வரைக்கும் போட முடிஞ்சுது. ஒரே சாக்கெட்டை அவ்வளவு வருஷம் வெச்சிருக்க முடியும்னு அங்க நிரூபிச்சுட்டாங்க. ரெண்டு தலைமுறைக்கு ஒரு தடவை சாக்கெட்டை மாத்தறவங்க சொல்ற காரணங்களை அதுக்கப்புறம் நான் முழுசா நம்பறதில்ல.

நல்லா ஓடற பிராசஸர், நல்லா ஓடற ராம், நல்லா ஓடற பிரிண்டர், அதை நம்பி ஒரு குடும்பம். இத்தனைக்கும் நடுவுல மூணு கெப்பாசிட்டர் உப்பினதுக்காக எல்லாத்தையும் காயலான் கடைக்குப் போடச் சொல்றதை டெக்னாலஜி வளர்ச்சின்னு என்னால எடுத்துக்க முடியல. அடுத்த தடவை கடைக்காரர் "பட்ஜெட் எவ்வளவு சார்?"னு ஆரம்பிச்சா, பொட்டி என்ன வேலை செய்யுதுங்கிறதை முதல்ல சொல்லுங்க. அதைக் கேட்டுட்டு பதில் சொல்றவர்கிட்ட மட்டும் வாங்குங்க.

டிஸ்கி: பழைய போர்டை குப்பைத் தொட்டியில போடாதீங்க, சாலிடர்ல ஈயம் இருக்கலாம். ஈ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட கொடுங்க. சாலிடரிங் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தா, உப்பின கெப்பாசிட்டரை மட்டும் மாத்திப் பாக்கச் சொல்லுங்க. பொழைச்சாலும் பொழைக்கும் :-)