காசில்லாத பேட்மேன்

பேட்மேனைப் பிடிக்கும் எண்டு சொன்னா, எங்கட பச்சில ஒருத்தன் எப்பவும் ஒரே கேள்விதான் கேப்பான்: "ஒரு பணக்காரன் இரவில இறங்கி ஏழையளுக்கு அடிக்கிற கதையில உனக்கு என்ன மச்சான் பிடிச்சிருக்கு?" மூன்று வருசமா என்னட்ட உருப்படியான பதில் இல்லை. இப்ப டிசி காமிக்ஸே அந்தக் கேள்வியை எடுத்துத் தன்னைத் தானே கேட்டிருக்கு.

'அப்சலூட்' எண்ட வரிசை 2024 ஒக்டோபரில பேட்மேனோட தொடங்கினது. பிறகு வொண்டர் வுமன், நவம்பரில சூப்பர்மேன். 2025இல மூன்றினதும் முதல் தொகுப்புகள் வந்தன. மகாபொல காசு வந்த மாசம் நாங்கள் மூன்று பேர் காசு சேர்த்து எடுப்பிச்சு, அறைக்கு அறை மாத்தி மாத்தி வாசிச்சம். முடிவுகளைச் சொல்ல மாட்டன். ஆனா தொடக்கங்களைச் சொல்லாம இதை எழுத ஏலாது.

வரிசையின் யோசனை எளிமையானது: ஒவ்வொரு ஹீரோவும் எதில சாய்ஞ்சு நிண்டாரோ, அதை உருவிப் போட்டுப் பார்க்கிறது.

ஸ்கொட் ஸ்னைடர் எழுதி நிக் டிரகோட்டா வரைஞ்ச பேட்மேனில, புரூஸ் வெய்னிட்ட மாளிகை இல்லை. அப்பா ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில சூடுபட்டுச் சாகிறார். அம்மா மார்த்தா உயிரோட இருக்கிறா. இந்த ஒரு மாற்றம்தான் எனக்குப் பெரிசாப் பட்டது. வழமையான புரூஸுக்கு வீட்டில பதில் சொல்ல ஆருமில்லை. இந்த புரூஸ் அம்மாவிட்டப் பொய் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட வேணும். அதோட, ஸ்னைடர் அந்தக் காசைத் தூக்கி ஜோக்கரிட்டக் குடுத்திருக்கிறார். சிரிக்காத, பெரும் பணக்கார ஜோக்கர்! நல்ல அடி.

ஆனா ஒரு குறை இருக்கு. காசு போன இடத்தில ஸ்னைடர் உடம்பை வைச்சிட்டார். இந்த பேட்மேன் கதவுக்குள்ளால நுழைய மாட்டான் போல, அவ்வளவு பெரிய ஆள். நெஞ்சில இருக்கிற வௌவால் சின்னமே கோடரியாக் கழண்டு வருது. முதல் இதழிலேயே அதால ஒருத்தனின் கை துண்டாகுது. வாசிக்கேக்க கை தட்டத் தோணும், உண்மைதான். புத்தகத்தை மூடின பிறகு சிநேகிதன்ர கேள்வி திரும்பவும் வந்து நிக்குது. காசைப் பறிச்சிட்டினம், சரி. அடிக்கிறதை விடேல்லையே?

கெலி தொம்சன் எழுதி ஹேடன் ஷேர்மன் வரைஞ்ச வொண்டர் வுமன் இந்த இடத்திலதான் முந்துது. டயானாவுக்குச் சொர்க்கம் போன்ற தீவு இல்லை, சகோதரிகள் இல்லை. நரகத்தில, சூனியக்காரி சர்சி வளர்க்கிறா. தன்ர இனத்தின் பெயரைக்கூட உச்சரிக்க விடாத இடம். இப்படி வளர்ந்தவள் எரிச்சலும் பழியுமா வருவாள் எண்டுதான் நான் எதிர்பார்த்தன். இவள் அன்பாத்தான் வாறாள். நரகத்துக்குள்ள வந்து விழுந்த ஒரு மனுசனைத் திருப்பி அனுப்ப, தன்ர கையையே பலி குடுக்கிறாள். ரெண்டு புத்தகத்தையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ: ஒண்டில ஹீரோ மற்றவன்ர கையை வெட்டுறான், மற்றதில ஹீரோ தன்ர கையை வெட்டிக் குடுக்கிறாள். ரெண்டு எழுத்தாளரும் கூடிக் கதைச்சுச் செய்தவையோ தெரியாது, எனக்கு இதைவிட வேற விளக்கம் தேவைப்படேல்ல.

ஜேசன் ஆரன் எழுதி ரஃபா சண்டோவல் வரைஞ்ச சூப்பர்மேன் மூன்றிலும் கொஞ்சம் தடுமாறுது. பூமியில நடக்கிற துரத்தல் பழகின சங்கதி. ஆனா கிரிப்டன் பகுதி அருமை. அங்க சமூகமே வர்க்கங்களாப் பிரிஞ்சு கிடக்கு. ஜோர்-எல்லும் லாராவும் தொழிலாளர் வர்க்கம். கிரகம் அழியப் போகுது எண்டது மேல இருக்கிறவைக்குத் தெரிஞ்சும் அமத்தி வைக்கினம். சூப்பர்மேன் நெஞ்சில குத்தியிருக்கிறது அந்தத் தொழிலாளரின் சின்னம். சின்ன வயசில இருந்து ரீசேட்டில பார்த்த 'எஸ்' இவ்வளவு கனக்கும் எண்டு நான் நினைக்கேல்ல.

இப்ப சிநேகிதனுக்கு என்ர பதில் இதுதான். ஹீரோ பணக்காரனா ஏழையா எண்டதோட கேள்வி முடியாது. கையில இருக்கிற பலம் ஆருக்காகச் செலவாகுது, அதுக்கு அவர் தன்னிட்ட இருந்து எதைக் குடுக்கிறார் எண்டதையும் பார்க்க வேணும். அதில டயானா முதலாம் இடம், கிரிப்டன் பகுதிக்காக சூப்பர்மேன் ரெண்டாம் இடம். எனக்கு ஆகப் பிடிச்ச பேட்மேனுக்கு, மனசில்லாமத்தான், மூன்றாம் இடம் குடுக்கிறன்.

அவனுக்கு முதல்ல வொண்டர் வுமனைத்தான் குடுத்திருக்கிறன். ரெண்டு கிழமையாச்சு, புத்தகம் இன்னும் திரும்பி வரேல்ல.