விளக்கு எரிந்தால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமா?

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவரிடம் சில ஆயிரம் டாலர் கறக்க வேண்டுமா? ரொம்ப மெனக்கெட வேண்டாம். டாஷ்போர்டில் எரிகிற மஞ்சள் விளக்கைக் காட்டி, முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு, "டிரான்ஸ்மிஷன் போய்விட்டது" என்று சொன்னால் போதும். மீதியை வண்டிக்காரரின் பயமே பார்த்துக்கொள்ளும்.

(டிரக் என்றதும் தமிழ்நாட்டு லாரி ஞாபகத்துக்கு வரும். இது அதுவல்ல. முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி என்று இருக்கும் ஃபோர்டு எஃப்-150, செவர்லே, டாட்ஜ் ராம் வகையறா. தச்சரும் பிளம்பரும் விவசாயியும் பிழைப்புக்கு ஓட்டுவது. பெரும்பாலும் கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேடிக்.)

இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய வண்டி. சந்தையில் அதன் விலையும் கியர்பாக்ஸ் மாற்றும் பில்லும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அதனால் "போய்விட்டது" என்ற ஒரு வார்த்தையில் பலர் வண்டியையே கழித்துக்கட்டிவிடுகிறார்கள். நாற்பது, ஐம்பது டாலர் சென்சார் ஒன்றுக்காக ஓடுகிற வண்டி காயலான் கடைக்குப் போகிறது. அநியாயம் என்று சொல்லாமல் இதை வேறு எப்படிச் சொல்வது?

முதலில் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1996 மாடலில் இருந்து அமெரிக்காவில் விற்கிற எல்லாக் கார்களிலும் சிறிய டிரக்குகளிலும் ஓபிடி-2 என்ற முறை கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் ரீடரைச் செருகினால் ஒரு கோடு எண் வரும். அதற்கு முந்தைய வண்டிகளில் இந்த வசதி இல்லை என்றாலும் வழி இருந்தது. பழைய செவர்லேயில் சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் விளக்கு மினுக் மினுக்கென்று அடித்து எண்ணைச் சொல்லும். பழைய டாட்ஜில் சாவியை மூன்று தடவை போட்டு எடுத்தால் போதும். ஒரு பைசா செலவில்லை.

கூத்து ஆரம்பிப்பது கோடு வந்த பிறகுதான். இருப்பதிலேயே அதிகம் ஏமாற்றப் பயன்படுகிற கோடு பி0700. "டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் சிஸ்டம் கோளாறு" என்று ரீடர் காட்டும். படித்தாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் அதன் பொருள் இவ்வளவுதான்: கியருக்கான கம்ப்யூட்டர் இன்ஜின் கம்ப்யூட்டரிடம், "என்னிடம் ஒரு கோடு பதிவாகியிருக்கிறது, விளக்கைப் போடு, விவரத்தை என்னிடம் கேட்டுக்கொள்" என்று சொல்லியிருக்கிறது. வாசலில் அடித்த காலிங் பெல். வந்தது தபால்காரரா திருடனா என்று கதவைத் திறந்தால்தான் தெரியும். மலிவான ரீடர்கள் இன்ஜின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும், உள்ளே போய்க் கேட்காது. பெல் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வீட்டையே இடிக்கச் சொல்கிற ஆட்களும் தொழிலில் இருக்கிறார்கள்.

பி0740 வந்தாலும் இதே கதைதான். டார்க் கன்வர்ட்டர் கிளட்சின் "சர்க்யூட்டில்" கோளாறு என்கிறது அது. சர்க்யூட் என்றால் வயர், கனெக்டர், சாலினாய்டு. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அந்த எண் சொல்லவே இல்லை. அடுத்த எண்ணான பி0741 வந்தால், கிளட்ச் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அது வேறு சங்கதி. ஒரு இலக்க வித்தியாசத்தில் வைத்தியமே மாறுகிறது.

ஃபோர்டு டிரக்கை எடுத்துக்கொள்வோம். 1990களின் வண்டிகளில் கியர் கோடு பதிவானால் "ஓ/டி ஆஃப்" விளக்கு விட்டு விட்டு எரியும். கியர் இடித்துக்கொண்டு விழும். கேட்டால் உள்ளே எல்லாம் எரிந்துவிட்டது என்பார்கள். ஈ4ஓடி கியர்பாக்ஸில் இதற்கு ரொம்பப் பிரசித்தமான காரணம், லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். அது கியர்பாக்ஸின் பக்கவாட்டில், வெளியே, சேறும் தண்ணீரும் படுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே மாற்றலாம். இன்னொன்று, ஓ/டி விளக்கோடு ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்து, ஸ்பீடாமீட்டர் முள்ளும் ஆட்டம் போட்டால், முதலில் பின்பக்க டிஃபரன்ஷியல் மேல் இருக்கும் வேக சென்சாரைப் பார்க்க வேண்டும். ஸ்பீடாமீட்டர், ஏபிஎஸ், கியர் மாற்றம் மூன்றுக்கும் அந்த ஒரே சென்சார்தான் வேகம் சொல்கிறது. அது உளறினால் மூன்றும் உளறும். மூன்று விளக்கைக் காட்டி மூன்று பில் போடுகிறவர்களை என்ன செய்வது?

செவர்லேயின் 4எல்60-ஈ பெட்டியில் வேறு வேடிக்கை. வண்டி மந்தமாகக் கிளம்பும், கியரே மாறாது, ரிவர்ஸ் மட்டும் நன்றாக விழும். "முதல் கியரும் இரண்டாவதும் காலி" என்று தீர்ப்பு வந்துவிடும். உண்மையில் அந்தப் பெட்டியின் இரண்டு ஷிஃப்ட் சாலினாய்டுகளுக்கும் மின்சாரம் வராவிட்டால் அது மூன்றாவது கியரிலேயே நிற்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். நடுக்காட்டில் நிற்காமல் வீடு வந்து சேர ஒரு ஏற்பாடு. மின்சாரம் ஏன் வரவில்லை? ஒரு ஃபியூஸ் போயிருந்தாலும் வராது!

டாட்ஜ் ராம் டீசல்காரர்களிடம் கேட்டால் ஆல்டர்னேட்டர் கதை சொல்வார்கள். அதன் டயோடு கெட்டு, வயரில் மின் இரைச்சல் கலந்தால், ஹைவேயில் கன்வர்ட்டர் கிளட்ச் பிடிப்பதும் விடுவதுமாக வண்டி உதறும். கோளாறு இன்ஜின் பக்கம், பழி கியர்பாக்ஸ் மேல்.

இத்தனைக்கும் முன்னால், கையால் செய்கிற சோதனை ஒன்று இருக்கிறதே, டிப்ஸ்டிக்! பின்னாளில் வந்த பல மாடல்களில் அதையே எடுத்துவிட்டார்கள், ஆனால் இந்தப் பழைய டிரக்குகளில் இருக்கிறது. வண்டியைச் சூடாக்கி, இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஃபோர்டு, செவர்லே என்றால் பார்க்கில். டாட்ஜ் என்றால் நியூட்ரலில், பார்க்கில் பார்த்தால் அளவு தப்பும். ஆயில் சிவப்பாக இருந்தால் நல்லது. பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது, வண்டியை ஓட்டவே கூடாது. கறுத்துப்போய், தீய்ந்த வாடை அடித்து, அடித்தட்டில் உலோகத் துணுக்குகளும் கிடந்தால், சரி, பெட்டி போய்விட்டதுதான். அப்போது எந்த பாட்டில் மருந்தை ஊற்றினாலும் பிழைக்காது. அந்த பாட்டில்களை விற்கிறவர்களும் இதே கூட்டம்தான்.

ஏன் இப்படி நடக்கிறது? மெக்கானிக்குகள் எல்லாம் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வாங்கிய பிறகும் அது தேவைதானா என்று வாங்கியவருக்குத் தெரியாத சேவைகளைப் பற்றியது. நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே என்றால் மோசடிக்கு எப்போதும் இடம் உண்டு என்பது அதன் சாரம். கியர்பாக்ஸ் மாற்றிய வண்டி ஓடுகிறது. சென்சார் மாற்றியிருந்தாலும் ஓடியிருக்குமா என்று யார் போய்ச் சோதிப்பது?

இதில் வண்டிக்காரருக்கும் பங்கு உண்டு. கொள்ளை பில்லைப் பொறுத்துக்கொள்கிறவர், ஒரு மணி நேரம் வயர் வயராகப் பார்த்துக் காரணம் கண்டுபிடித்ததற்குக் காசு கேட்டால், "பார்த்ததற்கா பணம்?" என்று சண்டைக்கு வருகிறார். அங்கே நிறைய ஷெட்டுகளில் மெக்கானிக்குக்குச் சம்பளம் வேலைக்கு இத்தனை மணி என்ற கணக்கில்தான். தேடுவதற்குக் கூலி இல்லை, கழற்றி மாட்டுவதற்கு உண்டு என்றால் அவர் எதைச் செய்வார்? உதிரிபாகக் கடைக்காரர் இலவசமாகக் கோடு படித்துச் சொல்வதும் தர்மத்துக்கு அல்ல, பாகம் விற்பதற்கு.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு விதியே போட்டிருக்கிறார்கள். அந்த மாநில விதித்தொகுப்பின் 3361.1-வது பிரிவுப்படி, ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷனை வண்டியில் இருந்து இறக்குவதற்கு முன்னால் சோதிக்க வேண்டும். வெளிப் பாகம் ஒன்றை மாற்றினாலோ சரிசெய்தாலோ கோளாறு தீருமா என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் பெட்டி என்றால் பதிவான கோடுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். சின்ன வேலையில் தீரும் என்றால் இறக்குவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். யோக்கியமான மெக்கானிக் தானாகவே செய்கிற வேலையைச் சட்டம் எழுதிச் செய்யச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், தொழில் எந்த லட்சணத்தில் நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். அதே மாநிலத்தில், வேலை கொடுக்கும்போதே கேட்டுவைத்தால் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.