கேலிக்கு ஆளானவருக்காகப் பேசுவது யார்?

பெங்களூரின் கிழக்கே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நெருங்கி நிற்கும் வைட்ஃபீல்டுக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்பதை அங்கு பணிபுரிவோரில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 1882-ஆம் ஆண்டில் வழங்கிய ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உருவான குடியிருப்பு அது. தம் சமூகத்தினர் அரசு வேலையை மட்டுமே நம்பியிராமல் நிலத்தில் உழைத்துச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பிய டி.எஸ். ஒயிட் என்பவரின் பெயரையே அந்த ஊர் தாங்கி நிற்கிறது.

இன்று அங்கு அந்தச் சமூகத்தினர் மிகச் சிலரே. 2023 மார்ச்சில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்துவிட்ட அந்தப் பகுதியில், நாட்டின் எல்லா மாநிலத்தவரும் வேலை செய்கிறார்கள். ஒரே மேஜையில் அமர்ந்து உண்ணும் அவர்கள், ஒருவரை ஒருவர் மொழியாலும் மாநிலத்தாலும் உருவத்தாலும் கேலி செய்துகொள்வதும் இயல்பாக நடக்கிறது. பெரும்பாலும் அது சிரிப்போடு முடிகிறது. சில வேளைகளில் அவ்வாறு முடிவதில்லை.

ஒருவரின் இனம், மொழி, மதம், உடல் ஆகியவற்றை வைத்துச் சொல்லப்படும் நகைச்சுவை உண்மையில் யாருக்கேனும் தீங்கு செய்கிறதா? செய்கிறது என்றால், தீங்குக்கு ஆளானவர் சார்பில் பேசும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரு கேள்விகளும் கடந்த பத்தாண்டுகளாக உச்ச நீதிமன்றத்தின் கதவை மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருக்கின்றன. நீதிமன்றம் அளித்த விடைகளோ ஒரே திசையில் செல்லவில்லை.

சீக்கியர்களை அறிவற்றவர்களாகச் சித்திரிக்கும் "சர்தார்ஜி ஜோக்" எனப்படும் துணுக்குகளுக்குத் தடை கோரி, ஹர்விந்தர் சௌத்ரி என்ற வழக்கறிஞர் 2015-ஆம் ஆண்டில் பொதுநல மனு தாக்கல் செய்தார். இத்தகைய கேலியால் சீக்கியக் குழந்தைகள் தங்கள் பெயரோடு "சிங்", "கௌர்" என்று சேர்த்துக்கொள்ளவே கூச்சப்படுகிறார்கள் என்பது அவரது வாதம். தில்லி சீக்கிய குருத்வாரா நிர்வாகக் குழுவும் பின்னர் நீதிமன்றத்தை நாடியது. கூர்க்கா சமூகத்தைச் சேர்ந்த சட்ட மாணவர்கள், எங்களைப் பற்றிய கேலிக்கும் தடை வேண்டும் என்று வந்து சேர்ந்தனர்.

நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, ஆர். பானுமதி ஆகியோர் அடங்கிய அமர்வு, 2017 பிப்ரவரியில் இக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. மக்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று ஒழுக்க விதிகளை நீதிமன்றம் வகுக்க இயலாது. வகுத்தாலும் அதை நடைமுறைப்படுத்துவது யார் என்பதே அந்த அமர்வின் நிலைப்பாடு. இது நியாயமான தயக்கம்தான். ஒரு சமூகத்துக்குத் தடை வழங்கினால் மற்ற சமூகங்களுக்கு மறுக்க முடியாது. அனைத்துக்கும் தடை விதித்தால், நாட்டில் தன்னைத்தானே கேலி செய்துகொள்பவரும் சிறைக்குச் செல்ல நேரிடும். சீக்கியரான குஷ்வந்த் சிங் தொகுத்து வெளியிட்ட நகைச்சுவை நூல்களில் சர்தார்ஜிகளைப் பற்றிய துணுக்குகளுக்குக் குறைவே இல்லை. அவர் தம் சமூகத்தின் சார்பில் சிரித்தாரா அல்லது தம் சமூகத்தைக் காட்டிக்கொடுத்தாரா என்பதில் சீக்கியர்களிடையேகூட ஒருமித்த கருத்து இருக்க முடியாது.

ஆனால், அதே காலகட்டத்தில் அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கை வேறு விதமாகப் பார்த்தது. 2014 ஜனவரியில் தில்லி லாஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த நிடோ தானியா என்ற மாணவரின் தலைமுடியைச் சிலர் கேலி செய்தனர். அவர் அதை எதிர்த்தார். தகராறு முற்றித் தாக்கப்பட்ட அந்த இளைஞர் மறுநாள் உயிரிழந்தார். இதையடுத்து மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, வடகிழக்கு மாநிலத்தவரை இனரீதியாக இழிவுபடுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று அந்த ஆண்டே பரிந்துரைத்தது. கர்மா டோர்ஜி தொடுத்த வழக்கில், இனப் பாகுபாட்டைக் கண்காணிக்கக் குழு அமைக்குமாறு மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஒரு கேலியைச் சகித்துக்கொள்ளச் சொல்லும் நீதிமன்றம் மற்றொரு கேலியைக் கண்காணிக்கச் சொல்வது முரண்பாடாகத் தோன்றலாம். உண்மையில் அது முரண்பாடு அல்ல. ஒரு சர்தார்ஜி துணுக்கைக் கேட்டுச் சிரிப்பவருக்குச் சீக்கியர்களைப் பற்றி வேறு பல செய்திகளும் தெரியும். ராணுவத் தளபதியாக, விவசாயியாக, பிரதமராகச் சீக்கியர்களை அவர் கண்டிருக்கிறார். பல செய்திகளுக்கு நடுவே கேலியும் ஒன்று. வடகிழக்கு மாநிலத்தவரைப் பற்றியோ, தில்லியிலும் பெங்களூரிலும் உள்ள பலருக்குத் தெரிந்தது அந்தக் கேலிப் பெயர் ஒன்றுதான். அறிவு இருக்க வேண்டிய இடத்தில் கேலி அமர்ந்துகொள்ளும்போதுதான் அது ஆபத்தாகிறது.

2012 ஆகஸ்டில் குறுஞ்செய்திகள் மூலம் பரவிய வதந்தியை நம்பி, வடகிழக்கு மாநிலத்தவர் பல்லாயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு வெளியேறினர். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் இயக்க வேண்டியதாயிற்று. "எங்களுக்கு ஆபத்து என்றால் அண்டை வீட்டார் நிற்பார்கள்" என்ற நம்பிக்கை இருந்திருந்தால் ஒரு வதந்திக்கு அவ்வளவு பலம் கிடைத்திருக்காது. நாள்தோறும் கேலிப் பெயரால் அழைக்கப்படுபவருக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

சீக்கியக் குழந்தைகளின் கூச்சத்தை இதனால் அலட்சியப்படுத்திவிட முடியாது. வலிமையான சமூகத்தில் பிறந்த குழந்தையும் வகுப்பறையில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதற்கான மருந்து ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்திடம் இல்லை.

வைட்ஃபீல்டை நிறுவிய சமூகத்தின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. ஆங்கிலேயர் அவர்களது உச்சரிப்பை "சீ-சீ ஆங்கிலம்" என்று பழித்தனர். தமிழிலும் மலையாளத்திலும் அவர்களுக்கு வழங்கிய பெயர், அவர்கள் உடுத்திய உடையைக் கொண்டு "சட்டைக்காரர்" என்பது. லட்சுமி கதாநாயகியாக நடித்து 1974-ல் வெளிவந்த மலையாளப் படத்துக்கு "சட்டக்காரி" என்றே பெயர். மறுஆண்டு அதுவே இந்தியில் "ஜூலி" ஆயிற்று. ரயில் எஞ்சின் ஓட்டும் தந்தை, மதுப்புட்டி, இங்கிலாந்து செல்லத் துடிக்கும் தாய், காதலில் ஏமாறும் மகள் ஆகிய வார்ப்புகள் அதன் பிறகு எத்தனையோ படங்களில் திரும்பத் திரும்ப வந்தன. ஒலிம்பிக் ஹாக்கியில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற லெஸ்லி கிளாடியஸ், 1965 போரில் வீர் சக்ரா பெற்ற கீலர் சகோதரர்கள், 1983 உலகக் கோப்பையில் அதிக விக்கெட் வீழ்த்திய பெங்களூர்க்காரர் ரோஜர் பின்னி ஆகியோர் அதே சமூகத்தவர்கள் என்பது திரையரங்கில் யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது.

இந்தச் சித்திரிப்புகளுக்கு எதிராகப் பேச அவர்களுக்கு ஒரு காலத்தில் இடம் இருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 331-ஆவது பிரிவின்படி மக்களவையில் இருவர் வரை நியமிக்கப்பட்டு வந்தனர். ஃபிராங்க் அந்தோணி நீண்ட காலம் அந்த இடத்திலிருந்து அச்சமூகத்தின் குரலாக ஒலித்தார். 104-ஆவது திருத்தத்தின்போது இந்த நியமனம் நீட்டிக்கப்படாததால், 2020 ஜனவரியுடன் அது முடிவுக்கு வந்தது. நாட்டில் 296 ஆங்கிலோ இந்தியர்களே உள்ளனர் என்று 2011 கணக்கெடுப்பை மேற்கோள் காட்டி அன்றைய சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் நாடாளுமன்றத்தில் கூறினார். சமூக அமைப்புகள் அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை. தாங்கள் எத்தனை பேர் என்பதைக்கூட மற்றவர் சொல்லக் கேட்க வேண்டிய நிலை அது.

அதே வேளையில், நியமனம் இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது என்றும் கூற முடியாது. ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 366-ஆவது பிரிவு தந்தை வழி ஐரோப்பிய மரபைக் கொண்டே வரையறுக்கிறது. தாய் ஆங்கிலோ இந்தியராக இருந்து தந்தை வேறு சமூகத்தவராக இருந்தால், வீட்டிலும் வெளியிலும் அதே கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் அந்த வரையறையில் இடமில்லை. ஆட்சியாளர் நியமித்த ஒருவர், அவரைத் தேர்ந்தெடுக்காத ஆயிரக்கணக்கானோரின் மனக்காயத்துக்கு முழுப் பிரதிநிதி ஆகிவிட முடியாது. ஒரு சமூகத்தின் பெயரில் பேச எழுபவர் எவருக்கும் இந்த வரம்பு பொருந்தும்.

வரம்பை மறந்தால் என்ன நேரும் என்பதைப் பெங்களூர் 2016 செப்டம்பரில் கண்டது. காவிரிப் பிரச்சினையில் கன்னடத் திரை நட்சத்திரங்களைக் கேலி செய்து இணையத்தில் பதிவிட்டதற்காகத் தமிழ் மாணவர் ஒருவரை ஒரு கும்பல் தேடிப் பிடித்து அடித்தது. அதைப் படம் எடுத்தும் பரப்பியது. அந்தக் கேலியால் புண்பட்ட கன்னடர்கள் இருந்திருக்கலாம். அவர்களில் எவரும் இந்தக் கும்பலைத் தம் பிரதிநிதியாக அனுப்பவில்லை. பதிலுக்குச் சென்னையில் கர்நாடகத்தவரின் உணவு விடுதி மீது பெட்ரோல் குண்டு வீசியவர்களையும் தமிழர்கள் அனுப்பவில்லை. தொடர்ந்து நிகழ்ந்த வன்முறையில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. பெங்களூரில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கேலி செய்தவரின் குற்றம் எத்தகையதாயினும், புண்பட்டவர் சார்பில் பேசுவதாகச் சொல்லிக் கை ஓங்கியவரின் குற்றமே பெரிது.

அதே நகரில் 2021 நவம்பரில் நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபரூக்கியின் நிகழ்ச்சி, சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும் என்று காவல்துறை கூறியதால் கைவிடப்பட்டது. மேடையில் அவர் என்ன பேசுவார் என்பதை யாரும் கேட்கவில்லை. பெரும்பான்மையின் பெயரால் எழும் புகாருக்கு ஒரே நாளில் பலன் கிடைக்கிறது. வடகிழக்கு மாணவர்களின் முறையீட்டுக்கோ கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு தெளிவான விடை, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் கிடைக்கிறது. ஓர் இந்திப் படத்தில் மாற்றுத்திறனாளிகள் சித்திரிக்கப்பட்ட விதத்தை எதிர்த்து நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கு அது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு, மாற்றுத்திறனைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளியை முடக்கிப்போடும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. எங்களை விலக்கிவிட்டு எங்களைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்ற உலகறிந்த மாற்றுத்திறனாளர் கோட்பாட்டையும் அது வலியுறுத்தியது. தடை விதிப்பதைவிட, படைப்பவர் முன்கூட்டியே உரியவர்களைக் கலந்து பேசுவது மேல் என்பதே இதன் சாரம்.

2025-ல் மாற்றுத்திறனாளிகளை இழிவாகப் பேசிய நகைச்சுவைக் கலைஞர்களை மன்னிப்புக் கேட்க வைத்த நீதிமன்றம், அவர்களது சிகிச்சைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்துமாறும் கூறியது. நோக்கம் நல்லது. எனினும், கேலிக்கு ஆளானவர் அதே மேடையில் இரக்கத்துக்கு ஆளானவராக மாறிவிடக்கூடாது. அவருக்குத் தேவை ஒலிபெருக்கியில் ஒரு பங்கு.

தமிழர்களும் இதில் பார்வையாளர்கள் மட்டுமல்ல. 1968-ல் வெளிவந்த "படோசன்" படத்தில் மெஹ்மூத் ஏற்ற தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் வேடத்தையும், "மதராசி" என்ற ஏளனத்தையும் எண்ணி மனம் குமைந்தவர்கள், தமிழ்த் திரையில் சேட்டு, கூர்க்கா, திருநங்கை, கறுத்த பெண் ஆகியோர் எதற்காகத் தோன்றினார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமக்கு வலித்தபோது கிடைத்த அறிவு, மற்றவர் வலிக்கும் உதவ வேண்டும்.

நகைச்சுவையை ஒடுக்கப் புதிய சட்டம் தேவையில்லை. மிரட்டலும், பகைமையைத் தூண்டுவதும், வேலையும் வீடும் மறுப்பதும் குற்றம் அல்லது அநீதி என்பதில் ஐயமில்லை. அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க அரசு தயங்கக்கூடாது. மற்ற கேலிகளுக்குப் பதில் சொல்லும் முதல் உரிமை அதன் விளைவை அனுபவிப்பவருக்கே உரியது. அவர்களுள் சிரிப்பவரும் இருப்பர், சினப்பவரும் இருப்பர். இருவரையும் கேட்க வேண்டும். எண்ணிக்கையில் சிறிய சமூகங்களின் குரல் நாடாளுமன்றத்தில் ஒலிக்க, நியமனமாக இல்லாவிட்டாலும் வேறொரு வழியைக் காண்பது அரசின் கடமை. வைட்ஃபீல்டில் பலமொழி பேசுவோரை ஒரே கூரையின் கீழ் அமர்த்தியுள்ள நிறுவனங்களும், புகார் வந்த பிறகு விசாரிப்பதோடு நில்லாமல், பக்கத்து இருக்கையில் இருப்பவர் எங்கிருந்து வந்தார் என்பதை ஊழியர்கள் அறிந்துகொள்ள வழி செய்ய வேண்டும்.