பூச்சியத்தை நம்பித் திறக்காதீர்கள்

"முள்ளு பூச்சியத்துக்கு வந்திட்டுதெல்லே, திறவுங்கோ."

நெல் அவிக்கும் ஆலையிலும் பாடசாலை ஆய்வுகூடத்திலும் கேட்டுப் பழகிப்போன பேச்சு இது. அமுக்கமானி பூச்சியத்தைக் காட்டினால் ஆபத்து நீங்கிவிட்டது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பிழையானது. கண்ணையும் கையையும் பறிக்கக்கூடியது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழினுட்பப் பிரிவு கிராமத்துப் பிள்ளைகளையும் ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. பக்கத்து மன்னார்ப் படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. எங்கள் பிள்ளைகள் நாளை இங்கேயோ வளைகுடாவிலோ எண்ணெய்க் கிணற்று ஆய்வுகூடங்களில் வேலை செய்வார்கள். பிழையான பழக்கத்தோடு அவர்களை அனுப்பக்கூடாது.

அத்தகைய ஆய்வுகூடங்களில், கிணறு துளையிடும்போது பயன்படுத்தும் சேற்றைச் சோதிக்கும் உயர் அமுக்க, உயர் வெப்ப வடிகட்டல் கருவியையே எடுத்துக்கொள்வோம். அதன் மையம் ஒரு சிறிய, தடித்த உருக்குக் கலம். சேறு ஏறத்தாழ 149 பாகை செல்சியஸில் இருக்க, மேலே சதுர அங்குலத்துக்கு 600 இறாத்தலும் கீழே 100 இறாத்தலும் கொடுத்து, 30 நிமிடம் வடிய விடுவார்கள். வடிதாளின் பரப்பு மூன்றரைச் சதுர அங்குலம்தான். ஆனாலும் அந்த 500 இறாத்தல் வித்தியாசம் அதன்மீது ஏறத்தாழ 800 கிலோ சுமையை ஏற்றுகிறது. ஓர் ஆல்டோ காரின் பாரம் அது.

சோதனை முடிந்ததும் கலத்தின் மேல், கீழ் வால்வுகளை இறுக்கிப் பூட்டி, குழாயில் இருக்கும் வாயுவை வெளியேற்றுகிறோம். முள் பூச்சியத்துக்கு இறங்குகிறது. ஆனால் மானி இருப்பது வாயு வரும் குழாயில். வால்வைப் பூட்டிய கணத்திலிருந்து கலத்துக்குள் என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது. கலத்துக்குள் முழு அமுக்கமும் அப்படியே இருக்கிறது. பிறகு வால்வைத் திறந்தாலும், காய்ந்த சேறு துளையை அடைத்திருந்தால் உள்ளிருப்பது வெளியே வராது. 1000 இறாத்தல் வரை காட்டும் மானியில் 10 இறாத்தல் முள்ளின் தடிப்புக்குள் மறைந்துவிடும். அந்தப் பத்தே போதும், சுடுசேற்றை முகத்தில் அடிக்க.

அமுக்கத்தை விட வெப்பம் கொடியது. 149 பாகையில் நீர் கொதிக்காமல் கிடப்பது அமுக்கம் அதைப் பிடித்து வைத்திருப்பதால்தான். பிடி விட்டதும் ஒவ்வொரு லீற்றரிலும் பத்தில் ஒரு பங்களவு உடனே ஆவியாகி, ஏறத்தாழ 150 லீற்றர் இடத்தை அடைத்துக்கொண்டு பாயும். பாடசாலையில் கிருமியழிக்கும் ஓட்டோகிளேவிலும் இதே கதைதான். அதன் அறையின் அமுக்கம் பூச்சியமான பிறகும் போத்தலுக்குள் இருக்கும் வளர்ப்பு ஊடகம் 100 பாகைக்கு மேல் நிற்கும். தொட்டு அசைத்தால் பொங்கி வெடிக்கும். திரவம் 80 பாகைக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் திறக்கக்கூடாது.

"பாதுகாப்பு வால்வு இருக்குத்தானே" என்பது அடுத்த வாதம். அந்த வால்வு அமுக்கம் எல்லை மீறும்போது மட்டுமே திறக்கும். எல்லைக்குள் நிற்கும் கலத்தின் மூடியை நாமே கழற்றும்போது அது எதையும் தடுக்காது. "இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கேல்லை" என்பார்கள். துளை அடைபடாத நாட்களின் கணக்கு அது. அடைபடும் நாளுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

நேரமில்லை என்ற வாதத்தில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. ஒரு கருவியைச் சுற்றிப் பல மாணவர் நிற்கிறார்கள், பாடவேளையோ குறுகியது. ஆனால் நேரம் போதாவிட்டால் மாற்ற வேண்டியது நேரசூசியை. கலம் ஆறும் நேரத்தைச் செய்முறையின் ஒரு பகுதியாகவே எழுதிவையுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஆய்வுகூட உதவியாளர்களுக்கும் சொல்கிறேன்: கலத்தை நிமிர்த்தி வைத்து அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். முகக்கவசம் போட்டு, துளையை ஆளில்லாத பக்கம் திருப்பி, இரண்டு வால்வுகளையும் மெல்ல மெல்லத் திறவுங்கள். காற்று வரும் ஓசை கேட்காவிட்டால் கலம் வெறுமையென்று எண்ணாதீர்கள், அடைபட்டிருக்கிறதென்றே எண்ணுங்கள். மூடித் திருகாணியில் கைவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். அமுக்கம் கொடுக்க நைதரசனோ காபனீரொட்சைட்டோ மட்டும். வெல்டிங் கடை ஒட்சிசன் சிலிண்டரை அந்தக் கருவிக்குப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள். எண்ணெய் கலந்த சேற்றோடு அது சேர்ந்தால் வெடிக்கும்.

மானியை ஒரு சாட்சியாக மட்டும் கேளுங்கள். வெப்பமானியும் கடிகாரமும் ஆமென்று சொல்லும்வரை மூடியைத் தொடாதீர்கள்.