பெயர்ச் சேர்வருக்கு ஒரு சுவர் போதுமா?

எங்கட கூட்டின் டிஎன்எஸ் சேர்வரை இப்ப ஒரு கோப்புறைக்குள்ள அடைச்சு ஓட்டுறம். ஏன் எண்டு சிலர் கேட்டீர்கள். இது தொழில்நுட்பக் குழுவின் தலையிடி மட்டும் இல்லை, எல்லாரும் முடிவெடுக்க வேண்டிய விசயம்.

ஒரு இணையத்தளத்தைத் திறக்கும்போது அதன் பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். நீங்கள் எந்த அகதி வழக்கறிஞரின் தளத்துக்குப் போனீர்கள், எந்தத் தொழிற்சங்கத்தின் தளத்துக்குப் போனீர்கள் என்பது அதுக்குத் தெரியும். அந்த அறிவைப் பெரிய கம்பனியிடம் கொடுக்க விருப்பமில்லாததால்தான் நாங்களே நடத்துறம்.

நாங்கள் பாவிப்பது பைண்ட். 1980களில் பெர்க்லிப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதத் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். முகம் தெரியாத சேர்வர்கள் அனுப்பும் பதில்களை நாள் முழுக்க வாசிப்பதுதான் அதன் வேலை. அதில் ஒரு ஓட்டை இருந்தால், உடைச்சு வாறவருக்கு பைண்டின் அதிகாரம் முழுக்கக் கிடைக்கும்.

அதனால் அந்த அதிகாரத்தைச் சுருக்க வேணும். சேஞ்ச் ரூட் என்பது 1979இல் யுனிக்ஸில் வந்த பழைய வழி. ஒரு கோப்புறையைக் காட்டி, இதுதான் உனக்கு முழு உலகம் எண்டு நிரலுக்குச் சொல்லுறது. உள்ளே அமைப்புக் கோப்பு, பெயர்ப் பதிவுகள், தவிர்க்க முடியாத ஒன்றிரண்டு கோப்புகள் மட்டும். ரூட் அதிகாரம் உள்ளவர் இந்தச் சுவரைத் தாண்டலாம் என்பதால், பைண்டைச் சாதாரண பயனர் கணக்கில்தான் ஓட்டுறம்.

இதோட வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சால் அதுதான் ஆபத்து. இந்தச் சுவர் காப்பது கணினியின் மற்றப் பகுதிகளை. உங்கட தேடல்களோ சுவருக்கு உள்ளேதான் நடக்குது.

ஆகவே என் நிலைப்பாடு மூன்று. யார் எதைத் தேடினார் என்ற பதிவை வைத்திருக்கவே கூடாது. இல்லாததை யாரும் களவெடுக்கவும் முடியாது, கேட்டு வாங்கவும் முடியாது. உறுப்பினர் பட்டியலை வேறு கணினிக்கு மாற்ற வேணும். சுவருக்கு இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே கேர்னல்தானே. மூன்றாவது, இந்த வேலையை இன்னும் இரண்டு பேராவது பழக வேணும். நிரலின் அதிகாரத்தைக் குறைக்கச் சொல்லுற நாங்கள், எல்லாச் சாவியையும் ஒரே ஆளின் கையில் விட்டு வைக்கிறது நியாயமில்லை.

பழக விருப்பமான ஆக்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ.