பாதிப் படத்தை வைத்து முழு ஆய்வா?

ஆய்வு நண்பர்களுக்கு,

காலனியப் பார்வையைக் கட்டுடைக்கும் நம் கருத்தரங்குகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. ஸ்டீரியோ அட்டையில் அருகருகே ஒட்டப்பட்ட இரு ஒளிப்படங்களுள் ஒன்றை வெட்டிவிட்டு, எஞ்சியதைத் திரையில் காட்டி விளக்கம் உரைக்கிறோம். மற்றது வெறும் நகல்தானே என்று எண்ணுகிறோம். அது நகல் அன்று. இரு கண்களும் சற்றே வேறுபட்ட காட்சிகளைப் பெறுகின்றன; அவ்வேறுபாடே ஆழமாகத் தோன்றுகிறது. இதனைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே விளக்கிவிட்டார். பொருள் வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது என்று மொழியியலின் முதல் வகுப்பில் ஓதும் நாமே வேறுபாட்டைக் குப்பையில் இடுகிறோம்.

அமெரிக்காவின் அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட் நிறுவனம் இந்தியாவைப் பற்றி 100 காட்சிகள் கொண்ட தொகுதியை விற்றது. அதற்கென ஜேம்ஸ் ரிகால்டன் எழுதிய வழிகாட்டி நூல் 1907-இல் வெளிவந்தது. அந்நூல் வாசகரைக் காட்சியின் முன் நிறுத்தி, இடச்சுட்டுகளால் கைப்பிடித்து நடத்துகிறது. சுட்டுச்சொல்லின் பொருள், சுட்டுவோர் நிற்கும் இடத்தைச் சார்ந்தது. தட்டையான பாதிப் படத்தில் அந்த இடமே இல்லை. சொற்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்த அமெரிக்கருக்கு ‘அங்கே நிற்கிறேன்’ என்ற மயக்கத்தை விற்றதே அவ்வணிகம். அம்மயக்கத்தைக் கண்ணால் அறியாதவர் அதனை எவ்வாறு கட்டுடைப்பார்?

தீர்வு எளிது. ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் தாம் வடிவமைத்த கைக்கருவிக்குக் காப்புரிமை பெறவில்லை, எவரும் செய்துகொள்ளலாம். இன்று வெட்டிய அட்டைகளும் இரு குவிவில்லைகளும் அடங்கிய கிட் கிடைக்கிறது. நடுத்தடுப்பு ஒவ்வொரு கண்ணும் தனக்குரிய படத்தை மட்டும் காணச் செய்யும். படத்தை முன்பின் நகர்த்தித் தெளிவாக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹோம்ஸ் கருவியின் வில்லைகள் ஆப்பு வடிவின; சாதாரண வில்லைகள் கொண்ட கிட்டில் பழைய அட்டையை மூல அளவிலேயே அச்சிட்டால் படங்கள் எளிதில் இணையா. ஒரே பொருளின் இரு படிமங்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. மிகாதபடி சுருக்கி அச்சிடுங்கள். இடவலம் மாறி ஒட்டினால் அருகிலுள்ளது தொலைவாகத் தோன்றும். பாதிப் படத்தை மட்டும் பார்ப்பவர் இப்பிழையை ஒருபோதும் கண்டறியார்.

‘இது விளையாட்டுப் பொருள்’ என்பர் சிலர். ஒலிப்பதிவைக் கேளாது, எழுத்துப்பெயர்ப்பை மட்டும் வைத்து ஒலியனியல் பேசும் ஆய்வேட்டை ஏற்பீர்களா? ஆழப் பார்வை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பது உண்மை. அவர்கள் உடன் ஆய்வாளரின் கண்களைத் துணைக்கொள்ளலாம். அதற்காகப் படத்தை வெட்ட வேண்டியதில்லை.

துறைக்கு ஒரு கருவியேனும் செய்து வையுங்கள். ஆய்வேட்டில் இரு படங்களையும் அட்டையின் பின்புற எழுத்தையும் சேர்த்தே வெளியிடுங்கள். அதுவரை ‘காலனியக் கண்’ பற்றி எழுதுவோர், தாம் ஒற்றைக் கண்ணால் பார்த்து எழுதியதாக அடிக்குறிப்பிலேனும் சொல்லட்டும்.